12 கி.மீ.க்கு மேல் யாரும் துளை போட்டதில்லை, அப்புறம் 6,371 கி.மீ. ஆழத்தில், பூமியின் நடுவில், இருப்பது எப்படித் தெரியும்?

போர்வெல் செல்வம், நெல்லிக்குப்பம்

நான் போர் போடுகிற தொழிலில் இருக்கிறேன். கெடிலம் ஓரம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று இந்தப் பக்கம் முழுக்க எங்கள் வண்டி போயிருக்கிறது. எந்த ஊரில் முதலில் களி வரும், எங்கே மணல், எங்கே கூழாங்கல் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனாலும் பக்கத்து மனைக்கு ரிக்கை நகர்த்தினால் கணக்கு மாறிவிடும். 120 அடியில் நல்ல மணல் வந்த இடத்துக்கு அடுத்த கொல்லையில் 180 அடி வரைக்கும் வெறும் களியாக வரும்.

என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் புத்தகத்தில் பூமியை வெட்டி வைத்த மாதிரி ஒரு படம், மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று நாலு வண்ணம். 2,890 கி.மீ.யில் கவசம் முடிகிறதாம், 5,150 கி.மீ.யில் உட்கரு தொடங்குகிறதாம். உலகத்திலேயே ஆழமான துளை ரஷ்யாவில் 12 கி.மீ. சொச்சம் என்று கேள்விப்பட்டேன். 300 அடியையே உறுதியாகச் சொல்ல முடியாதபோது 2,890 என்று பத்து கி.மீ. சுத்தமாக எப்படிச் சொல்கிறார்கள்? யூகமா, அளந்ததா? தெரிந்தவர்கள் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வில்லியனூர் பாலா

இதில் என்ன சந்தேகம் அண்ணே. மேலே கொஞ்சம் ஓடு, அதற்குக் கீழே எல்லாம் கொதிக்கிற தீக்குழம்பு. எரிமலை வழியாக வெளியே வருகிறதே, அதுதான் சாட்சி. வீடியோவில் எல்லாம் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

முத்தியால்பேட்டை டீச்சர்

பாலா தம்பி, கவசம் தீக்குழம்பு இல்லை. அது கெட்டிப் பாறை. இந்தத் தப்பான படம் பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதிந்து போயிருக்கிறது, முப்பது வருஷம் இயற்பியல் எடுத்தவள் என்பதால் எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு. அதை அப்புறம் விளக்குகிறேன்.

செல்வம், உங்கள் கேள்வி சரியான கேள்வி. முதலில் துளையே போடாமல் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், எடை. 1798-ல் ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேயர் ஒரு அறைக்குள் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு அவை ஒன்றையொன்று இழுக்கிற மிகச் சின்ன விசையை அளந்தார். அதிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் ஐந்தரை மடங்கு என்று வந்தது. இன்றைய கணக்கும் 5.5 தான். நீங்கள் கையில் தூக்குகிற கருங்கல்லின் அடர்த்தி 2.7. மேலே இருப்பதெல்லாம் 2.7, மொத்தத்தின் சராசரி 5.5 என்றால், உள்ளே 5.5-ஐ விடக் கனமான ஏதோ ஒன்று நிறைய இருந்தே ஆக வேண்டும். இரும்பு என்ற சந்தேகம் அப்படித்தான் வந்தது. விண்கற்களிலும் இரும்பும் நிக்கலும் கலந்த வகை கிடைப்பது அந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது.

போர்வெல் செல்வம்

டீச்சர், எடை விஷயம் புரிந்தது. உள்ளே கனமான சரக்கு இருக்கிறது, சரி. ஆனால் அது எந்த ஆழத்தில் தொடங்குகிறது, கெட்டியா திரவமா என்பதை எடையை வைத்துச் சொல்ல முடியாதே?

காலாப்பட்டு மாணவன்

அண்ணே வணக்கம், நான் எம்.எஸ்ஸி. புவி அறிவியல் படிக்கிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் நிலநடுக்கம்.

பண்ருட்டி சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை பழுத்ததா காயா என்று சொல்கிறார்கள் இல்லையா, அதே வேலைதான் இதுவும். தட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும், அதை நிலநடுக்கம் செய்துவிடுகிறது. ஒரு பெரிய நடுக்கம் வந்தால் அலைகள் பூமிக்குள் புகுந்து நாலா பக்கமும் போய் மறுபக்கம் வெளியே வரும். உலகம் முழுக்க இருக்கிற கருவிகள் அவை எத்தனை மணி எத்தனை நொடிக்கு வந்தன என்று எழுதி வைக்கின்றன. ஒரே ஆழத்தில் அலை சட்டென்று வேகம் மாறினால், வளைந்தால், திரும்பி வந்தால், அங்கே பொருள் மாறுகிறது என்று அர்த்தம். உங்கள் 300 அடியில் இடத்துக்கு இடம் மாறுவது ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். அது தாறுமாறாகத்தான் இருக்கும். 2,890 கி.மீ.யில் இருப்பது பாறையும் உருகிய இரும்பும் தொடுகிற எல்லை, கனமானது கீழே இறங்கி எடைப்படி பிரிந்து நின்றது. அதனால் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நடுக்கங்கள், அத்தனை நிலையங்கள், எல்லாக் கணக்கும் அந்த எண்ணைச் சுற்றியேதான் வருகிறது.

இதில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 1897 ஜூன் 12 அன்று அசாமில், ஷில்லாங் பீடபூமியை மையமாக வைத்து மிகப் பெரிய நடுக்கம் வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். தூரத்து ஊர்களில் பதிவான கோடுகளைப் பார்த்தபோது முதலில் ஒரு அலை, கொஞ்சம் பொறுத்து இன்னொரு அலை, கடைசியில் தரையோடு ஊர்ந்து வருகிற பெரிய அலை என்று மூன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார். 1906-ல் அவரே, தூரத்து நிலையங்களுக்கு அலைகள் தாமதமாக வருவதை வைத்து பூமிக்கு நடுவே தனியாக ஒரு கரு இருக்கிறது என்று எழுதினார். அந்தக் கரு 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது என்று சில வருஷங்களில் பெனோ குட்டன்பெர்க் கணக்குப் போட்டுவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கம்ப்யூட்டர் கிடையாது, இன்றைய அளவு பத்து கி.மீ. சுற்றில்தான் வேறுபடுகிறது. எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் ரமணி

2001 செப்டம்பர் 25 இரவு நினைவிருக்கிறதா யாருக்காவது? எட்டரை மணி வாக்கில், புதுச்சேரிக்கு நேராகக் கடலுக்குள் மையம், 5.5 ரிக்டர் என்றார்கள். நாங்கள் அப்போது மாடி வீட்டில் இருந்தோம். முதலில் ஒரு தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது, அலமாரிக் கண்ணாடி சத்தம் போட்டது, லாரி போகிறது என்று நினைத்து வாயை மூடுவதற்குள் அப்புறம்தான் உண்மையான ஆட்டம் வந்தது, பக்கவாட்டில். தம்பி சொல்கிற முதல் அலை, இரண்டாம் அலை என்பது இதுவா?

காலாப்பட்டு மாணவன்

அதேதான் அக்கா, ரொம்ப அழகாகச் சொல்லிவிட்டீர்கள். முதலில் வந்தது பி அலை. அது ஒலி மாதிரி பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளிக்கொண்டு வரும், மேலோட்டில் நொடிக்கு சுமார் 6 கி.மீ. பின்னால் வந்தது எஸ் அலை. அது பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு வரும், நொடிக்கு மூன்றரை கி.மீ. சுற்றி. இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் மையம் எத்தனை கி.மீ. என்று தோராயமாக வந்துவிடும். 40 கி.மீ. தள்ளி என்றால் ஐந்து நொடி இடைவெளி. நீங்கள் லாரி என்று நினைத்தது அந்த ஐந்து நொடி.

பாலா அண்ணனுக்கான பதிலும் இந்த எஸ் அலையில்தான் இருக்கிறது. திரவத்துக்குள் எஸ் அலை போகாது. தண்ணீரைப் பக்கவாட்டில் உலுக்கினால் அது திரும்பப் பழைய இடத்துக்கு இழுபடாது, அதனால் அலை அங்கேயே செத்துவிடும். ஆனால் கவசத்துக்குள் எஸ் அலை தாராளமாகப் போகிறது, 2,890 கி.மீ. வரைக்கும் போகிறது, கீழே போகப் போக வேகமும் கூடுகிறது. கவசம் தீக்குழம்பாக இருந்தால் இது நடக்கவே நடக்காது. 2,890-ஐத் தொட்டதும் எஸ் அலை நின்றுவிடுகிறது, பி அலையோ நொடிக்கு 13 கி.மீ. சொச்சத்திலிருந்து 8-க்கு விழுகிறது. அங்கேதான் உண்மையான திரவம், உருகிய இரும்பு, தொடங்குகிறது. வெளிக்கரு திரவம் என்பதை ஹரால்ட் ஜெஃப்ரீஸ் 1926-ல் உறுதிப்படுத்தினார்.

தேவனாம்பட்டினம் கடலோடி

கவசம் கெட்டிப் பாறை என்றால் கண்டத்தட்டு எப்படி நகர்கிறது? 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவில் தட்டு நழுவி எங்கள் ஊருக்குள் கடல் வந்தது. எங்கள் குப்பத்தில் அன்றைக்குப் போனவர்கள் நிறைய பேர். கெட்டிப் பாறை மேலே உட்கார்ந்திருக்கிற தட்டு எப்படி நகரும், அதை எனக்கு யாரும் இதுவரைக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்புறம் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது?

முத்தியால்பேட்டை டீச்சர்

தம்பி, அந்த நாளை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறேன்.

கெட்டியாக இருக்கிற பொருளும் சூடாக இருந்து, காலமும் நிறைய கொடுத்தால், மெல்ல ஓடும். கவசப் பாறை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு, ஆனால் மேலிருந்து அழுத்துகிற பாரத்தால் உருக முடியவில்லை. உருகாமலே, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று ஊர்கிறது, நம் நகம் வளர்கிற வேகம். நிலநடுக்க அலை நொடிக்கணக்கில் கடந்து போவதால் அதற்கு அது கெட்டிப் பாறை. லட்சக்கணக்கான வருஷத்தில் பார்த்தால் அது நகர்கிற பொருள். தட்டு என்பது மேலோடும் கவசத்தின் மேல்பகுதியும் சேர்ந்து நூறு கி.மீ. அளவில் குளிர்ந்து இறுகிய பலகை, அதற்குக் கீழே கொஞ்சம் இளகிய பகுதி. சுமத்ரா, அந்தமான் பக்கம் நம் இந்தியத் தட்டு இன்னொரு தட்டின் அடியில் இறங்குகிறது. இறங்குகிற வழியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நூற்றாண்டுக் கணக்கில் இறுக்கம் ஏறும், ஒரு நாள் விட்டுவிடும். அன்று காலை 6.29-க்கு அப்படி விட்டது, 1,200 கி.மீ. நீளத்துக்குக் கடல் தரை பிளந்து நகர்ந்தது.

எரிமலைக் குழம்பு தயாராகத் தொட்டியில் காத்திருப்பது இல்லை. சில இடங்களில் மட்டும் புதிதாக உருவாகிறது. கடலுக்கு நடுவே தட்டுகள் விலகுகிற இடத்தில் பாறை மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து கொஞ்சம் உருகும். தட்டு அடியில் இறங்குகிற இடத்தில் கடல் தரையோடு போன தண்ணீர் பாறைக்குள் கசிந்து அதன் உருகுநிலையைக் குறைத்துவிடும், அங்கேயும் கொஞ்சம் உருகும். அந்தமான் கடலில் பாரன் (Barren) தீவு எரிமலை இருக்கிறது இல்லையா, இந்தியாவில் இப்போது புகைகிற ஒரே எரிமலை, அது இப்படி வந்ததுதான். உங்கள் ஊரை அடித்த அதே தட்டு இறங்கும் இடம்.

காலாப்பட்டு மாணவன்

டீச்சர் சொன்னதோடு ஒன்று. அந்த 2004 நடுக்கத்துக்குப் பின் பூமி முழுவதும் மணி அடித்த மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது, காதுக்குக் கேட்காது, கருவிக்குத் தெரியும். பூமி மொத்தமாக விரிந்து சுருங்குகிற ஒரு அதிர்வு உண்டு, ஒரு சுற்றுக்கு இருபதரை நிமிஷம். அது மாதக்கணக்கில் ஓயாமல் பதிவானது. எந்த அதிர்வு எத்தனை நிமிஷம் என்பது உள்ளே எவ்வளவு கனம், எவ்வளவு விறைப்பு என்பதைப் பொறுத்தது. அடுக்குகளின் கணக்கைச் சரிபார்க்க இது தனி வழி, அலை வந்த நேரத்தை நம்பியிருக்கவே வேண்டாம். இரண்டு வழியும் ஒரே விடையைத் தருகின்றன.

நெய்வேலி ராஜா

சுரங்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நெய்வேலியில் நாங்கள் பார்ப்பதெல்லாம் தோலின் மேல்தோல். கடலூர் மணற்கல்லை வெட்டி அள்ளிவிட்டு, அதற்கடியில் பழுப்பு நிலக்கரி. அதற்கும் கீழே ஊற்றுத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி பகலாக பம்ப் ஓடவில்லை என்றால் சுரங்கத் தரையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நூறு மீட்டருக்கே இந்தப் பாடு. அதனால்தான் கேட்கிறேன், அந்த ரஷ்யத் துளை ஏன் 12 கி.மீ.யோடு நின்றது? காசு இல்லையா?

காலாப்பட்டு மாணவன்

காசும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியமாகச் சூடு. கோலா என்ற இடம், நார்வே எல்லைப் பக்கம். 1970-ல் தொடங்கி 1989-ல் 12,262 மீட்டர் தொட்டார்கள். செல்வம் அண்ணே, துளையின் அகலம் 23 செ.மீ., அதாவது 9 அங்குலம், உங்கள் ரிக் போடுகிற துளைக்குப் பக்கத்து அளவுதான். அத்தனை கி.மீ. குழாயை மேலிருந்து சுற்ற முடியாது, முறுக்கிலேயே அறுந்துவிடும். அதனால் உள்ளே செலுத்துகிற சேற்று நீரின் வேகத்தில் அடியில் பிட் (துளைக்கிற முனை) மட்டும் தனியாகச் சுற்றுகிற மாதிரி டர்பைன் வைத்தார்கள். அடியில் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தது 180-க்குப் போய்விட்டது. பாறை இளகி, பிட்டை வெளியே எடுத்ததும் துளை மூடிக்கொள்ளத் தொடங்கியது.

அவ்வளவு பாடுபட்டும் மேலோட்டையே தாண்டவில்லை. கண்டத்துக்கு அடியில் மேலோடு 35, 40 கி.மீ. தடிமன், இமயமலைக்குக் கீழே 70. கடலுக்கு அடியில் 7 கி.மீ. தான், அதனால் அங்கே போட்டுப் பார்க்கலாம் என்று அமெரிக்கர்கள் 1961-ல் முயன்று கடல் தரைக்குக் கீழே 183 மீட்டரோடு விட்டார்கள். 2023-ல் அட்லாண்டிக்கில் கவசப் பாறை இயற்கையாகவே மேலே வந்திருக்கிற ஒரு இடத்தில் 1,268 மீட்டர் துளைத்து நீளமாகப் பாறைத் துண்டுகள் எடுத்திருக்கிறார்கள். கவசப் பாறையைக் கையால் தொட முடிகிறது இப்போது.

போர்வெல் செல்வம்

9 அங்குலத் துளையில் 12 கி.மீ.! பிட் மாற்றுவதற்கு மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டுமே, நினைத்தாலே கை வலிக்கிறது. எங்களுக்கு 600 அடியில் ராடு மாட்டிக்கொண்டாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது என் அடுத்த சந்தேகம். உள்ளே போகப் போகச் சூடு ஏறுகிறது, வெளிக்கரு உருகிக் கிடக்கிறது, சரி. அதைவிட உள்ளே, அதைவிடச் சூடான நடு மையம் மட்டும் எப்படித் திரும்பக் கெட்டியாக ஆகும்?

முத்தியால்பேட்டை டீச்சர்

அழுத்தம்தான். மையத்தில் நம் காற்றழுத்தத்தைப் போல 36 லட்சம் மடங்கு. சூடு ஐயாயிரம் டிகிரிக்கு மேல், சூரியனின் மேற்பரப்பு அளவு. ஆனால் அந்த அழுத்தத்தில் இரும்பு உருகுவதற்கு அதைவிடவும் சூடு வேண்டும். அதனால் இறுகிவிடுகிறது. வெளிக்கருவிலிருந்து உட்கரு மேல் இரும்பு உறைந்து உறைந்து, அது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்துகொண்டும் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் பெண் பிள்ளை வைத்திருக்கிற நீங்கள் கட்டாயம் வீட்டில் சொல்ல வேண்டும். அவர் பெயர் இங்கே லேமான் (Inge Lehmann), டென்மார்க்கைச் சேர்ந்த பெண். 1929-ல் நியூசிலாந்தில் ஒரு பெரிய நடுக்கம் வந்தது. ஐரோப்பாவுக்கு அது பூமியின் கிட்டத்தட்ட மறுபக்கம். கரு முழுக்கத் திரவம் என்று எல்லோரும் நம்பிய காலம். அந்தக் கணக்குப்படி சில தூரங்களில் பி அலை வரவே கூடாது, நிழல் விழுந்த பகுதி. ஆனால் ரஷ்ய நிலையங்களின் பதிவுகளில் அந்த நிழலுக்குள் மெல்லிய அலைகள் இருந்தன. கருவி உதறியிருக்கும் என்று தள்ளிவிடுவது சுலபம். அவர் தள்ளவில்லை. ஒவ்வொரு நடுக்கத்தின் நேரத்தையும் அட்டைகளில் எழுதி, காலியான ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்துக் கணக்குப் போட்டார். திரவக் கருவுக்குள் இன்னொரு தனிக் கரு இருந்து அதில் பட்டு அலை திரும்பினால்தான் இது வரும் என்று 1936-ல் எழுதினார். 1,220 கி.மீ. ஆரமுள்ள அந்த உட்கரு இன்று ஒவ்வொரு பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, அவர் பெயர்தான் பல புத்தகங்களில் இல்லை. 104 வயது வரை வாழ்ந்தார்.

தேவனாம்பட்டினம் கடலோடி

டீச்சர் சொன்னதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். திசைகாட்டி முள் வடக்கே திரும்புவதற்கும் இந்த இரும்புக் கருதான் காரணம் என்று கேள்விப்பட்டது உண்மையா? நடுவில் ஒரு பெரிய காந்தக்கல் இருக்கிறதா?

காலாப்பட்டு மாணவன்

காந்தக்கல் இல்லை அண்ணே. அவ்வளவு சூட்டில் எந்த இரும்பும் காந்தமாக நிற்காது. வெளிக்கருவின் திரவ இரும்பு சூட்டில் புரண்டு சுழல்கிறது, பூமி சுற்றுவதால் அந்த ஓட்டம் திருகுகிறது, அதில் மின்சாரம் பிறந்து காந்தப் புலம் உண்டாகிறது. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் உங்கள் படகில் இருந்த முள்ளைத் திருப்பியது 2,890 கி.மீ. கீழே ஓடுகிற இரும்பு. காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டு வழியாகப் போகிறது, முள் சாயாமல் படுத்தபடி நிற்கிற கோடு. அதனால்தான் திருநெல்வேலி பக்கத்தில் காந்த ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள்.

கடல் போகிறவர் நீங்கள், இதையும் கேளுங்கள். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் இருக்க வேண்டியதைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அங்கே ஈர்ப்பு விசை குறைவு, தண்ணீர் வேறு பக்கம் இழுபட்டுவிட்டது. கப்பலில் போனால் பள்ளத்தில் இறங்குவது தெரியாது, ஆயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட அகலத்துக்குச் சரிவு அவ்வளவு மெல்லியது, செங்குத்துத் திசையும் கூடவே மாறிவிடும். கவசத்துக்குள் அடர்த்தி குறைந்த சூடான பாறை மேலெழுந்திருப்பதுதான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக (ஐ.ஐ.எஸ்ஸி.) ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். நம் கடலின் வடிவத்தையே அடியில் இருக்கிற கவசம் தீர்மானிக்கிறது.

வில்லியனூர் பாலா

தம்பி, டீச்சர், நன்றி. கவசம் பாறை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன், எஸ் அலை விளக்கம் போதும். ஆனால் ஆழத்திலிருந்து வந்த ஒரு கல்லையாவது நம் ஊர்ப் பக்கம் கையில் எடுத்துப் பார்க்க வழி உண்டா?

காலாப்பட்டு மாணவன்

தாராளமாக. விழுப்புரம் மாவட்டக் குவாரிகளிலிருந்து வருகிற கருங்கல் ஜல்லியில் ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவுங்கள். புதிதாக உடைந்த முகத்தைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சில கற்கள் சாம்பலில் நீலமோ பச்சையோ கலந்து, எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கும், வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸ் என்ற கனிமம் கூட நீலம் ஓடியிருக்கும். அது சார்னோகைட். 700, 800 டிகிரி சூட்டில், 20 கி.மீ.க்கு மேல் ஆழத்தில், மேலோட்டின் அடிப்பகுதியில் உருவான பாறை. கோலா துளையைவிட ஆழம். கோடிக்கணக்கான வருஷம் மேலே இருந்ததெல்லாம் மழையும் ஆறும் அரித்துப் போய், அடியில் இருந்தது வெளியே வந்து நிற்கிறது. பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் இதுதான். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக் சமாதிக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார்.

கவசக் கல்லே வேண்டுமென்றால் ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் வஜ்ரகரூர் போக வேண்டும். வைரத்தோடு 150 கி.மீ.க்கும் ஆழத்திலிருந்து எரிமலைக் குழாய் வழியாக வந்த கவசப் பாறைத் துண்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. தீக்குழம்பு நிறம் கிடையாது, பெரும்பாலும் ஒலிவின் என்ற கனிமம், பச்சை.

போர்வெல் செல்வம்

எங்கள் பக்கம் 800 அடி போனாலும் இந்தக் கல் வரவில்லையே தம்பி, மணலும் களியுமாகத்தானே வருகிறது?

காலாப்பட்டு மாணவன்

கடலூர் கரையோரம் வராது அண்ணே. இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது இந்தக் கரை பள்ளமாக இறங்கி, அதன்மேல் கடலும் ஆறும் கொட்டிய படிவு பல ஆயிரம் மீட்டர் இருக்கிறது. அடிப்பாறை அதற்குக் கீழேதான். மேற்கே செஞ்சிப் பக்கம் ரிக்கை நிறுத்துங்கள், சில இடங்களில் 30 அடியிலேயே பாறை பிட்டைத் தொடும். அங்கே சுத்தியல் பிட் வண்டிதான் எடுபடும், உங்கள் சேற்று ரிக் போகாது.

போர்வெல் செல்வம்

ஆமாம், செஞ்சிக்கு நாங்கள் வேறு வண்டிதான் சொல்வோம். அடுத்த முறை அங்கே வேலை வந்தால் கம்ப்ரசர் ஊதித் தள்ளுகிற சில்லுகளை ஆழவாரியாகப் பையில் போட்டு, அடிக் கணக்கு எழுதிக் கொண்டுவருகிறேன். எது எது என்று பிரித்துச் சொல்லுங்கள் தம்பி, மகளையும் கூட்டி வருகிறேன்.